கொள்ளிடக் கரையும் துரைசானி முகங்களும்

1752ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், நடுநிசி. சமயபுரம் வட்டாரத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு கோயில்களில் கும்பினிப் படை பாளையம் இறங்கியிருந்தது. திருவரங்கத்தில் முடங்கிக் கிடந்த பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வரும் அரிசியையும் வெடிமருந்தையும் வழியில் மறிப்பது அந்தப் படையின் வேலை. வடக்கே ஊட்டத்தூரிலிருந்து கிளம்பிய பிரெஞ்சுப் பட்டாளம் ஒன்று இருட்டோடு இருட்டாக உள்ளே நுழைந்தது. அதன் முன்வரிசையில் வந்தவர்கள் இங்கிலீஷ் படையை விட்டு ஓடிப்போன படைவீரர்கள். காவல்காரர்கள் அதட்டியபோது இங்கிலீஷிலேயே பதில் சொன்னதால் வழி கிடைத்துவிட்டது. சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்த 26 வயதுத் தளபதியின் காலடியில் இருந்த பெட்டி குண்டு பட்டுச் சிதறியது. பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரன் செத்துப்போனான். பொழுது விடியும் நேரம், வாள்காயத்தில் ரத்தம் போய்ச் சோர்ந்து, இரண்டு சார்ஜென்ட்களின் தோளைப் பிடித்தபடி கோயில் வாசலில் குனிந்து நின்றார் அந்தத் தளபதி. மறுபடி ஒரு துப்பாக்கி வெடித்தது. சார்ஜென்ட்கள் இருவரும் சாய்ந்தார்கள். அவர்மேல் ஒரு கீறல் விழவில்லை. அவர்தான் ராபர்ட் கிளைவ்.

ராபர்ட் ஆர்ம் என்ற கும்பினி வரலாற்றாசிரியர் எழுதிவைத்த சம்பவம் இது. பிளாசியைப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இந்த இரவை யாரும் சொல்லித்தரவில்லை. அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. பிச்சாண்டார்கோயில் இங்கிலீஷ்காரர் கைக்குப் போனது. ஜூன் மாதம் திருவரங்கத்தில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளி சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. 1753 பிப்ரவரி 18 அன்று, சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் கிளைவுக்குக் கல்யாணம். மணப்பெண் மார்கரெட் மாஸ்கலின். நண்பன் வீட்டில் அவன் தங்கையின் சின்னஞ்சிறு உருவப்படத்தைப் பார்த்துத்தான் கிளைவ் மனதைப் பறிகொடுத்தார் என்று ஒரு கதை வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. கதையோ நிஜமோ, இந்தக் கட்டுரைக்கு அது பொருத்தமான வாசல்.

இங்கிலாந்துப் பிரபு குலத்துப் பெண்களின் பழைய எண்ணெய்ச் சாய ஓவியங்களைச் சேர்ப்பது உலகம் முழுக்க ஒரு பெரிய பித்து. லெலி, நெல்லர் என்று பெயர் சொன்னாலே கண் விரியும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அது சீமைக்காரர் சங்கதி, சமயபுரத்தானுக்கும் அதற்கும் என்ன ஒட்டு என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒட்டு இருக்கிறது. அந்த ஓவியங்களில் மினுங்கும் பட்டுக்கும், அவை தொங்கும் மாளிகைகளின் கூரைக்கும் கொடுக்கப்பட்ட காசில் ஒரு பங்கு நம் காவிரிக் கரையில், கோரமண்டல் கரையில் திரட்டப்பட்டது. இந்த முகங்களை வரவேற்பறை அலங்காரமாக மட்டும் பார்க்கிறவர் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்.

பட்டும் முத்தும்

முதலில் ஓவியங்களைப் பார்ப்போம். பரோக் என்பது பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவை ஆண்ட கலைப் பாணி. இருட்டும் வெளிச்சமும் மோதும், துணி காற்றில் அலையும், உடம்பு ஒருபக்கம் திரும்பி முகம் நம் பக்கம் பார்க்கும். இங்கிலாந்தில் இதற்கு அடித்தளம் போட்டவர் ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்து 1632இல் முதலாம் சார்லஸின் அரண்மனை ஓவியரான வான் டைக். அவருக்குப் பின் வந்தவர் பீட்டர் லெலி. 1618இல் வெஸ்ட்பேலியாவில் பிறந்து, 1661இல் இரண்டாம் சார்லஸின் ஓவியரானார். 1680இல் அவர் இறந்த பிறகு அந்த இடத்தைப் பிடித்தவர் லூபெக்கில் பிறந்த காட்பிரே நெல்லர். இங்கிலாந்தின் சீமாட்டிகளுக்கு முகம் கொடுத்த மூன்று பேருமே வெளியூர்க்காரர்கள்.

லெலியின் பெண்களை ஒருமுறை பார்த்தால் மறக்காது. யார்க் சீமாட்டி ஆன் ஹைட் கேட்டுக்கொண்டு 1660களில் அவர் வரைந்த அரண்மனை அழகிகளின் வரிசை இன்று ஹாம்ப்டன் கோர்ட்டில் இருக்கிறது. எல்லோருக்கும் பாதி மூடிய, தூக்கம் கலையாத கண்கள். அரசரின் ஆசைநாயகி பார்பரா வில்லியர்ஸின் கண்கள் அவை. அரண்மனையில் அதுதான் அழகு என்று ஆனபோது மற்றப் பெண்களுக்கும் அந்தக் கண்களே வந்து சேர்ந்தன. சாமுவேல் பெப்பிஸ் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஜாடை ஒட்டவில்லை என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். நியாயமான குறைதான். ஆனாலும் அந்தச் சாட்டின் துணியின் முன் நின்றால் குறை மறந்துபோகும். மடிப்பின் மேட்டில் வெள்ளையைத் தடிப்பாக இழுத்திருப்பார். பள்ளத்தில் அடிப்பூச்சின் செம்மண் நிறம் தெரியும்படி சாயத்தை மெல்லிசாக விட்டிருப்பார். ஒரு கை அகலத் துணியில் பத்துப் பழுப்புகள் தெரியும்.

அந்தப் பெண்களின் கையில் இருப்பதையும் சும்மா விடக்கூடாது. ஆரஞ்சுப் பூ இருந்தால் கல்யாணம். ஆட்டுக்குட்டி இருந்தால் கபடமற்ற மனசு என்று காட்ட ஆசை. உடைந்த சக்கரமும் குருத்தோலையும் இருந்தால் புனிதக் கேதரீன் வேடம். அந்த வேடம் அப்போது பரவியதற்குக் காரணம் பட்டத்து ராணியின் பெயர் கேதரீன். போர்ச்சுகலில் இருந்து வந்து 1662இல் மணமுடித்தவர். அவருடைய சீதனத்தில்தான் பம்பாய் இங்கிலாந்துக்குப் போனது. லண்டனில் ஒரு சீமாட்டி சக்கரத்தில் சாய்ந்து நின்று போஸ் கொடுத்த அந்த வருடங்களில், நம் நாட்டின் ஒரு துறைமுகம் சீர்வரிசையாகக் கைமாறிக்கொண்டிருந்தது.

லெலியும் நெல்லரும் தனியாளாக வேலை செய்யவில்லை. லெலியின் பட்டறையில் நிற்கும், அமரும் தோரணைகளுக்கு எண் போட்டு வைத்திருந்தார்கள். வந்த சீமாட்டி எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும். நெல்லர் முகத்தை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். பொய்முடிக்கு ஒருவர், துணிக்கு ஒருவர், பின்னணி மரத்துக்கு ஒருவர் என்று ஆள் பிரிந்திருந்தது. ஒரே நாளில் பதினான்கு பேரை அவர் உட்கார வைத்ததாகச் சொல்வார்கள். தஞ்சாவூர் ஓவியப் பட்டறைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அங்கும் பலகைக்குத் துணி ஒட்டுகிறவர் வேறு, சுக்கான் மாவு வைத்து மேடு எழுப்புகிறவர் வேறு, கண் திறக்கிறவர் வேறு. ஐரோப்பிய மேதை தனிமையில் உருகி உருகி வரைந்தான் என்ற பிம்பத்தை இந்த விஷயத்தில் நாம் கைவிட்டுவிடலாம்.

இந்த ஆண்களின் கூட்டத்தில் ஒரு பெண்ணும் இருந்தார். மேரி பீல், 1633இல் பிறந்தவர். ஒரு தலைக்கு ஐந்து பவுண்டு, இடுப்பு வரை என்றால் பத்து என்று விலை வைத்து, குடும்பத்தையே தூரிகையால் காப்பாற்றினார். கணவர் சார்லஸ் சாயம் அரைத்து, கேன்வாஸ் தயாரித்து, யார் வந்தார்கள், எவ்வளவு தந்தார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். அன்றைய ஓவியத் தொழில் எப்படி ஓடியது என்று நமக்கு இன்று தெரிவதில் பெரும்பகுதி அந்தக் கணவரின் கணக்கெழுத்தால் வந்தது. என்னைக் கேட்டால், லெலியின் தூங்குமூஞ்சி அழகிகளைவிட மேரி பீல் எழுதிய முகங்களில்தான் உயிருள்ள பெண்கள் இருக்கிறார்கள்.

அதே ஆண்டில் திருச்சியில்

1690ஐ எடுத்துக்கொள்வோம். லண்டனில் இரண்டாம் மேரி அரசியின் உத்தரவுப்படி நெல்லர் எட்டு அரண்மனைப் பெண்களை ஆளுயரத்துக்கு வரையத் தொடங்கியிருந்தார். அதே நேரம் திருச்சிராப்பள்ளியில் ராணி மங்கம்மாள் பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக ஆட்சியைக் கையில் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சென்னைக் கோட்டையில் எலிஹு யேல் கவர்னராக உட்கார்ந்திருந்தார்; அந்த வருடம்தான் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடமிருந்து கும்பினிக்கு வாங்கினார்.

மூன்று ஊர், ஒரே காலம். மங்கம்மாளுக்கும் உருவப்படம் உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தில், பேரனோடும் பரிவாரத்தோடும் நிற்கும் அவரை எழுதியிருக்கிறார்கள், தமிழிலும் தெலுங்கிலும் பெயர் குறித்து. திருவரங்கத்தில் விஜயரங்க சொக்கநாதர் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிலைகள் இருக்கின்றன. அரங்கன் கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்களையும் பார்க்கலாம்: அரசர், அரசியர், சேலையின் பூவேலை, கொண்டையின் முடிச்சு, இடுப்பாரத்தின் ஒவ்வொரு மணி என்று ஒரு சாணுக்குள் ஓர் அந்தப்புரமே அடங்கியிருக்கும். லெலியின் சாட்டினுக்குக் கொடுத்த அதே கவனத்தை இங்கே ஒருவர் தந்தத்தில் கொடுத்திருக்கிறார். சீமையில் ஓவியரின் பெயர் நிலைத்தது. எத்தனையோ படங்களில் அந்தப் பெண் யார் என்பது தொலைந்துபோனது. நம்மிடம் மங்கம்மாள் பெயர் நிலைத்தது. அவரை எழுதிய கை யாருடையது என்பது தொலைந்துவிட்டது. சமயபுரம் மாரியம்மன் கோயிலை இன்றைய வடிவில் எடுப்பித்தவர் என்று தல வரலாறு சொல்வதும் இந்த விஜயரங்க சொக்கநாதரைத்தான். பாட்டி மங்கம்மாளின் மடியில் வளர்ந்த பிள்ளை.

இனி யேல். பரோக் காலத்து ஓவியங்களைச் சேர்த்தவர்களில் நம் மண்ணோடு நேரடித் தொடர்புள்ள பெரிய ஆள் இவர். 1672இல் சாதாரண எழுத்தராகச் சென்னை வந்து 1687இல் கவர்னர் ஆனவர். புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணம் இவருடையது. 1680 நவம்பர் 4, மணப்பெண் கேதரீன் ஹின்மர்ஸ் என்ற விதவை. வைர வியாபாரத்தில் கொழித்தார். ஊழல் புகார்களுக்கு நடுவே 1692இல் பதவி போனது. 1699இல் சீமை திரும்பி, சேர்த்த காசை ஓவியங்களாகவும் நகைகளாகவும் மாற்றினார். 1721இல் அவர் இறந்த பிறகு வீட்டில் இருந்ததை ஏலம் போட்டபோது ஒரே ஏலத்தில் முடியவில்லை. தவணை தவணையாக ஆயிரக்கணக்கான படங்கள் போயின. அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு 1718இல் அவர் அனுப்பிய துணிமூட்டைகளோடும் 417 புத்தகங்களோடும் முதலாம் ஜார்ஜ் அரசரின் உருவப்படமும் போனது. மூட்டைகளை விற்ற பணத்தில் கட்டடம் எழுந்தது. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

யேல் பல்கலைக்கழகத்திடம் இருக்கும் ஒரு குழு ஓவியத்தில் எலிஹு யேல் தன் குடும்பத்து ஆண்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் மது பரிமாறுகிறான். கழுத்தில் பூட்டுப் போட்ட உலோக வளையம். 2020இல் அந்தப் படத்தைக் கழற்றி, சிறுவனைப் பற்றி ஆராய்ந்து, 2022இல் புதிய விளக்கத்தோடு மாட்டினார்கள். யேல் கவர்னராக இருந்த காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகள் கப்பலேறியது கோட்டை ஆவணங்களிலேயே இருக்கிறது. பழைய ஓவியம் வாங்குகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது நடுவில் இருக்கும் முகத்தை அல்ல, ஓரத்தை என்று நான் சொல்வது இதனால்தான்.

நத்தர்வலியில் துயிலும் படப்பிரியர்

படங்களின் போக்குவரத்து ஒருவழிப்பாதை என்று எண்ணிவிடக் கூடாது. கிளைவ் சமயபுரத்தில் உயிர் தப்பிய அந்த 1752இல், திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையில் மாட்டிக்கொண்டிருந்தவர் நவாப் முகமது அலி வாலாஜா. போர் முடிந்து ஆற்காட்டு நவாபாக நிலைத்தவுடன், ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் பலத்தை இந்திய அரசர்களில் முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவரானார். 1769இல் டில்லி கெட்டில் சென்னையில் கப்பலிறங்கியதும் அவரை உட்காரவைத்து வரையச் சொன்னார். 1774இல் ஜார்ஜ் வில்லிசன் வந்தார். ஆறு வருடம் நவாபையும் பிள்ளைகளையும் வரைந்து கைநிறையப் பொருளோடு ஊர் போனார். வெள்ளை மஸ்லினும் முத்துச் சரமும் வாளுமாக நவாப் நிற்கும் அந்த ஆளுயரப் படங்கள் சீமைக்குப் பரிசுகளாகப் போயின. நேரில் போக முடியாத அரசர், தன் உருவத்தைத் தூதனுப்பினார்.

காலத்தால் இவை பரோக்கைத் தாண்டியவை. ஆனால் தூணும் திரைச்சீலையும் போட்டு, முழு உருவத்தை மேலிருந்து கீழாகப் பார்க்கவைக்கும் அந்த அமைப்பு வான் டைக் காலத்துச் சொத்து. நவாப் செலவு செய்த பணமோ கடன். கும்பினி அதிகாரிகளே வட்டிக்குக் கொடுத்தார்கள். அடமானம் நம் வயல்களின் வரி வருமானம். அந்த வட்டியில் கொழுத்தவர்கள் இங்கிலாந்து திரும்பி, எஸ்டேட் வாங்கி, தங்கள் மனைவிமாரையும் லண்டன் ஓவியர் முன் உட்காரவைத்தார்கள். 1795இல் வாலாஜா இறந்தார். அவருடைய சமாதி திருச்சி நத்தர்வலி தர்கா வளாகத்தில் இருக்கிறது. அதே வளாகத்தில்தான் அவருடைய எதிரி சந்தா சாகிபும் அடங்கியிருக்கிறார்.

கிளைவ் குடும்பத்துக் கதைக்கு மறுபடி வருவோம். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் 1784இல் ஹென்ரியெட்டா ஹெர்பர்ட் என்ற பிரபு வீட்டுப் பெண்ணை மணந்தார். பெண் வீட்டாருக்குப் பரம்பரைப் பெருமையும் வேல்ஸில் பாவிஸ் கோட்டையும் இருந்தன. கூடவே கடனும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இந்தியப் பணம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டுப் படுக்கையறையும் அடுக்கடுக்கான பரோக் தோட்டமும் கொண்ட அந்தக் கோட்டையைப் பழுதுபார்க்க அந்தப் பணம் உதவியது. கல்யாணத்துக்கு ஏழு வருடம் முன்பு ஹென்ரியெட்டாவை ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த படம் இன்றும் பாவிஸில் இருக்கிறது.

அந்த ஹென்ரியெட்டா நம் ஊர் வழியாகவும் போயிருக்கிறார். கணவர் சென்னைக் கவர்னராக இருந்தபோது, 1800இல், இரண்டு மகள்களையும் இத்தாலிய ஓவியர் அன்னா டோனெல்லியையும் கூட்டிக்கொண்டு மைசூர், கோயமுத்தூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று ஏழு மாதம் சுற்றினார். மாமனார் சாவிலிருந்து தப்பிய மண்ணைத் தாண்டி மருமகளின் பல்லக்கு போனது. இளைய மகள் சார்லட் எழுதிய பயணக் குறிப்புகள் இருக்கின்றன. பின்னாளில் அவர்தான் குழந்தை விக்டோரியாவுக்கு ஆசிரியை ஆனார். பாவிஸ் கோட்டையில் இன்று இருக்கும் கிளைவ் தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள், திப்புவின் கூடாரம் உட்பட.

வாங்க நினைப்பவருக்கு

சரி, இந்தப் படங்களை இன்று நாம் சேர்க்க முடியுமா? முடியும். லெலியே தன் கையால் எழுதியது என்று நிரூபணமான படம் பெரும் விலைக்குப் போகும், அதை மறந்துவிடலாம். ஆனால் ‘பட்டறை’, ‘வட்டம்’, ‘பின்பற்றியவர்’, ‘பிரதி’ என்று ஏலக் கம்பெனிகள் தரம் பிரிக்கும் படங்கள் இங்கிலாந்தின் சிறு நகர ஏலங்களில் சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கின்றன. பட்டறை என்றால் ஓவியரின் கூடத்திலேயே, அவர் கண்பார்வையில் உருவானது. வட்டம் என்றால் அவர் காலத்தவர், அவர் பாணி அறிந்தவர். பின்பற்றியவர் என்றால் பிற்காலத்தவராகவும் இருக்கலாம். பிரதி என்றால் ஏற்கெனவே உள்ள படத்தைப் பார்த்து எழுதியது. இந்த நான்கையும் குழப்பிக்கொண்டால் பணம் போகும்.

அளவு ஒரு துப்பு. மார்பளவு என்றால் 30க்கு 25 அங்குலம், ஒரு கை மட்டும் தெரியும் கிட்-கேட் அளவு 36க்கு 28, முழங்கால் வரை என்றால் 50க்கு 40. அளவு இதற்கு ஒவ்வாமல் இருந்தால் பெரிய படத்தை வெட்டியிருக்கக்கூடும். படத்தைத் திருப்பி முதுகைப் பாருங்கள். கையால் அடித்த ஆணிகள், மங்கிய மரச்சட்டம், பின்னால் ஒட்டிய இரண்டாவது துணி எல்லாம் கதை சொல்லும். பழைய கேன்வாஸ் நைந்தால் புதுத் துணி ஒட்டி இஸ்திரி போட்டார்கள். அந்தச் சூட்டில் தூரிகை மேடுகள் சப்பையாகியிருக்கும். புற ஊதாக்கதிர் டார்ச் அடித்தால் பழைய வார்னிஷ் பச்சையாய் ஒளிரும். பின்னாளில் ஒட்டுப்போட்ட இடம் கறுப்புத் திட்டாய்த் தெரியும். கன்னம் வெளிறியிருந்தால் அந்தப் பெண்ணுக்குச் சோகை என்று நினைக்க வேண்டாம். அரக்கு, கொச்சினீல் போன்றவற்றிலிருந்து எடுத்த சிவப்பு வெளிச்சத்தில் மங்கிவிடும்.

சட்டத்தில் எழுதியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். நெல் க்வின் என்ற நடிகையின் பெயர் எத்தனையோ அநாமதேய அழகிகளின் மேல் பின்னாளில் ஒட்டப்பட்டது. அரசரின் காதலி என்றால் விலை ஏறும். படம் எந்த வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டுக்காரர் எதில் சம்பாதித்தார் என்று கேளுங்கள். பதிலில் மெட்ராஸ், கர்நாடிக், கும்பினி என்ற சொற்கள் வந்தால் அந்தப் படத்தின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் துரைசானி படங்கள் கண்ணில் படும். செட்டிநாட்டு வீடுகள் கலைந்தபோது பெல்ஜியம் கண்ணாடியோடும் பர்மாத் தேக்கோடும் வெளியே வந்தவை. பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப்படங்கள். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. தூரிகைத் தடம் தெரிந்தால் சாயம். அச்சுப்படமும் கேவலமில்லை. பரோக் விலை கொடுத்து அதை வாங்காமல் இருந்தால் போதும்.

எண்ணெய் ஓவியத்துக்கு நம் ஊர் வெயில் சத்துரு. சித்திரையில் நாற்பது டிகிரி, ஐப்பசியில் சுவரே வியர்க்கும். கேன்வாஸில் சாயத்துக்கு அடியில் பூசியிருப்பது தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரம்; அது ஈரத்தில் ஊதி, காய்ச்சலில் சுருங்கும், மேலே இருக்கும் சாயம் அதோடு சேர்ந்து ஆட முடியாமல் வெடிக்கும். மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டக்கூடாது. சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட வேண்டும். பூஜையறைக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். சூடப்புகையும் விளக்குக்கரியும் வார்னிஷில் படியும். ஈரத்துணி, தேங்காய் எண்ணெய் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: நூறு வயது தாண்டிய ஓவியம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தொல்லியல் துறையிடம் பதிவு பற்றி விசாரிக்க வேண்டும். ஒருமுறை இங்கே வந்து தங்கிவிட்டால் தனியார் நினைத்தபடி திருப்பி அனுப்ப முடியாது.

வாங்காமலும் பார்க்கலாம்

எல்லோராலும் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும். 1795இல் வணிகர்கள் கூடும் இடமாகக் கட்டிய கட்டடம். 1948 ஜனவரி 31 முதல் அருங்காட்சியகம். மாடியில் ஓவியக்கூடம். மூன்றாம் ஜார்ஜ், அவர் மனைவி சார்லட் அரசி, விக்டோரியா என்று வரிசையாக நிற்கிறார்கள். அரசர் அரசியின் இப்படிப்பட்ட படங்களை ஆலன் ராம்சேயின் பட்டறை சோடி சோடியாக எழுதி, கவர்னர்களுக்கும் தூதர்களுக்கும் உலகெங்கும் அனுப்பிவைத்தது. சார்லட்டின் முன் நின்று பாருங்கள்: லெலி காலத்துத் தூண் இருக்கும், திரை இருக்கும், கை வைத்திருக்கும் விதம் இருக்கும். ஒரு நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பாணி அரச குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

கூடத்தில் ஒரு குறை உண்டு, மனதாரச் சொல்கிறேன். பெயர்ப்பலகைகள் யார் என்று சொல்கின்றன. இந்தப் படம் ஏன் இங்கே வந்தது, யார் காசில் வந்தது என்று தமிழில் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பட்டுப்பாவாடை அரசி என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எனக்கு ஓர் ஆசை. திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மகால் இருக்கிறது. அரசு அருங்காட்சியகமாக இயங்குகிறது. அந்தத் தர்பார் மண்டபத்தில் ஒரு சிறப்புக் கண்காட்சி வைக்கலாம். கோட்டையிலிருந்து சார்லட் அரசியைச் சில வாரங்களுக்கு இரவல் கேட்கலாம். பக்கத்தில் ஊஞ்சல் மண்டபத்து மங்கம்மாளின் பெரிய நிழற்படம். எதிரே திருவரங்கத்துத் தந்த அரசியர், கோயில் நிர்வாகம் சம்மதித்தால். வாலாஜாவின் கெட்டில் ஓவியத்துக்கு நல்ல பிரதி ஒன்று. 1752ஆம் ஆண்டுப் படை நகர்வுக்கு ஒரு வரைபடம்: ஊட்டத்தூர், சமயபுரம், பிச்சாண்டார்கோயில், திருவரங்கம். மண்டபத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு முதலில் வேண்டும். அது இல்லாமல் ஒரு கேன்வாஸையும் கொண்டுவரக் கூடாது. மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு தொடங்குவது உசிதம். மாசிக் கடைசி ஞாயிற்றில் சமயபுரத்தில் பூச்சொரிதல் ஆரம்பித்துவிடும். டெல்டா முழுக்கப் பூத்தட்டோடு வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒருவர் மலைக்கோட்டைப் பக்கம் திரும்பினாலும் மண்டபம் நிறையும். சித்திரைத் தேருக்கு முன்னால், வெயில் ஏறுவதற்குள், அரசியைப் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பிவிடலாம்.